கைப்பிடிப் பக்கத்து மஞ்சள்

அக்டோபர் 22, செவ்வாய்

போன 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில், என் கெமிக்கல் குடோனிலிருந்து போன ஒரு கேனை அங்கமுத்து என்ற தொழிலாளி ஆசிட் டிரம்மில் கவிழ்த்தான். கேனின் கழுத்தில் ஆசிட்டுக்கு உரிய சிவப்புக் கயிறு இருந்தது. உள்ளே இருந்தது காஸ்டிக் சோடாக் கரைசல். டிரம் பொங்கி அவன் முகத்திலும் மார்பிலும் அடித்தது. கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வழக்கில் முதல் எதிரி ராக்கியப்பன் ஆகிய நான். இரண்டாவது, என்னிடம் இருபத்திரண்டு வருஷமாகக் கேன் ரொப்பும் ஆறுச்சாமி.

ஆறு நாள் உள்ளே இருந்துவிட்டு நேற்று ஜாமீனில் வந்தோம். நிபந்தனை ஜாமீன். பள்ளிபாளையம் எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் காலை பத்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஸ்டேஷனில் கையெழுத்து. குடோனில் எதையும் மாற்றி வைத்துவிடுவேனாம், அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாதாம். லாட்ஜில் இரண்டாம் மாடி, இரண்டு கட்டில், ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் காவேரி. அக்கரையில் கருங்கல்பாளையம். என் குடோனின் நீலத் தகரக் கூரை நன்றாகவே தெரிகிறது. நடந்தால் பாலம் இருபது நிமிஷம்.

தினம் நடப்பதை எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல். கோர்ட்டில் தேதி மாறிப் பேசக் கூடாதாம். காஸ்டிக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரியை நாகமணி துணிப் பையில் போட்டு அனுப்பியிருந்தாள். என் பெண்டாட்டிக்கு எது எப்போது தேவைப்படும் என்று தெரியும்.

அந்த வக்கீல் முதல் நாள் என்னைக் கேட்டார், "ஆசிட்டும் காஸ்டிக்கும் சேர்ந்தா உப்பும் தண்ணியும்தான் ஆகும்னு பள்ளிக்கூடத்துல படிச்சேனே, அப்புறம் எப்படிங்க வெடிக்கும்?" என்று. நான் சொன்னேன்: "ஆகுங்க. கடைசியில உப்புத் தண்ணிதான். ஆனா கெட்டியா இருக்கறப்போ ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துச்சுன்னா அந்தச் சூட்டுல தண்ணியே கொதிச்சு எகிறும். உப்புத் தண்ணி ஆகறவரைக்கும் பக்கத்துல நிக்கறவன் இருக்கோணுமே." அவர் குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 23, புதன்

காலைக் கையெழுத்து. ரைட்டர் வேலை பார்ப்பவர் ஏட்டு மாதையன். பெரிய மீசை, சின்னக் குரல். "வாங்க வாங்க, கம்பெனியில லேட்டா வந்தா சம்பளம் பிடிப்பீங்கல்ல, இங்கயும் அப்படித்தான்" என்றார். நாங்கள் வந்தது பத்து இருபத்தைந்துக்கு.

ஸ்டேஷன் வாசலில் பிடிபட்ட வண்டிகள் நிற்கிற இடத்தில், வேப்பமரத்தடியில், அந்தக் கேனும் இருக்கிறது. கழுத்தில் சிவப்புக் கயிறு, அதில் அரக்கு வைத்த சீட்டு. கைப்பிடி சுவரைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவனுக்குக் கைப்பிடிப் பக்கம் தெரியாது. வெளியே வருகிறவனுக்குத் தெரியும். ஆறுச்சாமி அந்தப் பக்கம் தலையே திருப்புவதில்லை. குனிந்து போகிறான், குனிந்து வருகிறான்.

"ஆயுத பூஜை போட்ட கேனுங்களா?" என்றார் மாதையன். "குங்குமம் அப்படியே இருக்குது பாருங்க."

"ஆமாங்க" என்றேன்.

மத்தியானம் லெமன் சாதம். சகிக்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

கையெழுத்து இரண்டு. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

கயிறு விஷயத்தை வக்கீலுக்கு விளங்கும்படி எழுதி வைக்கிறேன்.

எங்கள் தொழிலில் லேபிள் ஒட்டுவது வீண். ஆசிட் ஆவி பட்டால் பத்து நாளில் காகிதம் பொடிந்துவிடும். பெயிண்ட்டில் எழுதினாலும் உரிந்துவிடும். அதனால் கயிறு. சிவப்பு நைலான் என்றால் ஆசிட். வெள்ளை என்றால் காஸ்டிக். காலிக் கேன் திரும்பி வந்தால் அதே சரக்குதான் மறுபடி அதில் போக வேண்டும். கயிற்றை அவிழ்ப்பதே கிடையாது. "தாலி மாதிரிங்க, கேன் ஓட்டையானாத்தான் கழட்டோணும்" என்பான் ஆறுச்சாமி. இந்த முறையைக் கொண்டுவந்தது நான்தான். பதினான்கு வயதில் சைக்கிளில் வைக்கோல் கூடைக்குள் கண்ணாடி ஜாடி வைத்து ஆசிட் சுமந்தவன் நான். ஒரு தடவை ஜாடி விரிசல் விட்டது. தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. எது ஆசிட், எது காஸ்டிக் என்று வாசனையிலேயே சொல்வேன் என்று அலட்டியவன். காஸ்டிக்குக்கு வாசனை கிடையாது என்பது வேறு விஷயம்.

பத்தாம் தேதி வியாழக்கிழமை ஆறுச்சாமி நாற்பது கேனுக்கு மேல் ரொப்பினான். பூஜைக்காகக் குடோனைக் கழுவும் வேலையும் அதே நாள். பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, காலியோ நிறைந்ததோ, எல்லாக் கேனுக்கும் கைப்பிடி அடியில் மஞ்சள் குழைத்து வைத்தான். பூஜை முடிந்து பொரியும் வேட்டி சட்டையும் வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டான். சாயங்காலம் பட்டறையிலிருந்து டெம்போ வந்தது. ஆசிட் ஆறு, காஸ்டிக் நாலு. ஏற்கெனவே ரொப்பி வைத்திருந்ததை நான் ஏற்றி விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஏற்றி விட்டதோடு சரி.

இன்று சாயங்காலம் அவன் கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"அன்னைக்கு காஸ்டிக் எத்தன கேன் ரொப்புனேன்னு பாக்கறனுங்கண்ணா. மூணுதான் நெனப்புல வருது. நாலாவது வரமாட்டேங்குது."

"நாலு ரொப்புனே. நான் பாத்தேன்."

"அப்பச் சரிங்க." எண்ணிய விரலை மடக்கிக்கொண்டான். "செவப்புக் கயித்துக் கேன் எப்படிங்க என்ற கைக்கு வந்துச்சு? கண்ணுக்கு என்ன கேடு வந்துச்சு எனக்கு?"

"நாற்பது கேன்ல ஒண்ணு மாறாதா. விடு."

"ஒரு சொட்டு சிந்தாம ரொப்புவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சனுங்க."

அது பொய்யில்லை. அவன் ரொப்பிய கேனைப் பட்டு வேட்டியில் வைத்துத் தூக்கலாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக்கும் கையெழுத்துக்கு விடுமுறை இல்லை.

நாகமணி டவுன் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வந்தாள். கோழிக் குழம்பும் இட்லியும். அவள் வருகிறாள், போகிறாள். நான் பாலத்து முனையில் டீக்கடை வரைக்கும் போய் நின்று திரும்புகிறேன். சர்வேக்காரன் கோடு போட்ட மாதிரி அந்த டீக்கடை பெஞ்ச்தான் என் எல்லை.

ஆறுச்சாமி டீ வாங்கப் போயிருந்தபோது அவள் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தோல் உரிஞ்சு புதுசா வந்திருச்சே. பரவால்ல."

"என்ன?"

"ஏனுங்க, பூஜையன்னைக்குச் சாயங்காலம் வந்தப்போ உள்ளங்கையெல்லாம் வெந்து வழுவழுன்னு இருந்துச்சே. நாந்தானே தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன் அரை மணி நேரம். பையன் பெங்களூர்ல இருந்து வந்து எலயப் போட்டுக் காத்துக்கிட்டிருக்கான்னு நான் நாலு தடவ போன் பண்ணி, நீங்க அவசரமா ஓடியாந்து..."

"நாகமணி, அத யார்கிட்டயும் சொல்லாத."

அவள் என்னைப் பார்த்தாள். தூக்குப்போசியைத் துடைத்து மூடினாள். போகும்போது ஆறுச்சாமியிடம், "ஆறு, நீ நல்லாச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். அவன் தட்டில் மூன்று இட்லி அதிகமாக வைத்திருந்தாள். அவளுக்கு எது எப்போது தெரிய வேண்டுமோ அதுவும் தெரியும்.

அக்டோபர் 28, திங்கள்

மழை. காலை ஒன்பது மணிக்கே பிடித்துக்கொண்டது. நல்ல கனத்த மழை. சந்தோஷமாகக் குடை பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் கேன் இல்லை. குடையை மடக்காமலேயே படியேறினேன்.

"உங்க கேனை உள்தாழ்வாரத்துல எடுத்து வெச்சிட்டேன்" என்றார் மாதையன். "கோர்ட்டுக்குப் போற பொருளு பாருங்க. குங்குமம் கரைஞ்சா சாமி குத்தம் வேற."

நல்ல மனுஷர். நன்றி சொன்னேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

அங்கமுத்துவின் மனைவி பூங்கொடி வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரிப் பையோடு நேராகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள். நாங்கள் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தோம், எதிரே நின்றாள்.

"நீங்கதானுங்களா கெமிக்கல் கடைக்காரர்?"

"ஆமாம்மா. எப்படி இருக்காரு?"

"எடது கண்ணு வெளிச்சம் மட்டும் தெரியுதாம். வலது இன்னும் சொல்ல முடியாதாம். ஆசிட்டா இருந்திருந்தா மேலாலேயே தீஞ்சு நின்னிருக்குமாம். இது காஸ்டிக்காம், சதையக் கரைச்சுக்கிட்டு உள்ளாற போயிக்கிட்டே இருக்குமாம். டாக்டர் படம் போட்டுக் காட்டறார்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அந்தக் கயிறு கட்டுன கேன்ல அத ரொப்புனது யாருங்க? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது.

"நாந்தாம்மா" என்றான் ஆறுச்சாமி. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றான்.

அவள் திட்டுவாள், அறைவாள் என்று நினைத்தேன். அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?" என்றாள்.

"ரெண்டு பொண்ணும்மா."

"எனக்கும் ரெண்டு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் அவனுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தான்.

அக்டோபர் 30, புதன்

இந்தப் பக்கத்தை வக்கீலுக்குக் காட்டுவதாக இல்லை. ஆறுச்சாமி கீழே முடிவெட்டப் போயிருக்கிறான்.

பூஜையன்று சாயங்காலம் குடோனில் காஸ்டிக் மூன்று கேன்தான் ரொப்பியிருந்தது. ஆறுச்சாமியின் நினைப்பு சரி. நாலாவதற்கு வெள்ளைக் கயிறு கட்டிய காலிக் கேன் ஒன்றும் இல்லை. டெம்போக்காரன் ஹாரன் அடிக்கிறான். இல்லை என்று சொன்னால் பட்டறைக்காரன் அடுத்த கடைக்குப் போவான், போனவன் திரும்ப மாட்டான். முப்பது வருஷம் இல்லை என்ற வார்த்தையைச் சொல்லாமல் வளர்ந்த கடை இது. சிவப்புக் கயிற்றுக் காலிக் கேன் ஒன்றை எடுத்து உள்ளே இரண்டு தடவை அலசினேன். ஹோஸைப் போட்டேன். அடியில் கொஞ்சம் ஆசிட் மிச்சம் இருந்திருக்க வேண்டும், ரொப்பும்போதே கேன் கையில் சுட்டது. போன் அடித்தது. திரும்பினேன். காஸ்டிக் வாய் வரைக்கும் வந்து பின்னால் கைப்பிடிப் பக்கம் வழிந்தது. துடைத்தேன், வெறும் கையால். காஸ்டிக் பட்டால் முதலில் வலிக்காது. சோப்பு மாதிரி வழுக்கும். நம் தோலே சோப்பாகிறது, அதுதான் வழுக்கல். வலி வருவதற்குள் மூடியைப் போட்டு ஏற்றிவிட்டேன். கயிற்றை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குள் நாலாவது போன்.

திங்கட்கிழமை பட்டறையிலிருந்து தகவல் வந்த நிமிஷமே எந்தக் கேன் என்று எனக்குத் தெரியும்.

மாதையன் சொல்வது குங்குமம் இல்லை. நாங்கள் கேனுக்குக் குங்குமம் வைப்பதில்லை. மஞ்சள் மட்டும்தான். மஞ்சளில் காஸ்டிக் பட்டால் சிவந்துவிடும். சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதைப் பார்க்காத ஆள் கிடையாது, அதேதான். புளிப்பு எது பட்டாலும் மறுபடி மஞ்சளாகிவிடும். வினிகர், புளித்தண்ணி, எலுமிச்சை. ஒரு சொட்டு போதும்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

லாட்ஜில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மேனேஜர் லட்டு கொடுத்தார். காலைக் கையெழுத்தின்போது மாதையனுக்கு வாழ்த்துச் சொன்னேன். "உங்களுக்கும்" என்றவர், என்ன சொன்னோம் என்று யோசித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

வக்கீல் போன் செய்தார். ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை ஒரு காகிதம் தயார் செய்து கொண்டுவருகிறாராம். கேன் மாறியது தன் கவனக்குறைவு, முதலாளிக்குத் தெரியாது என்று ஆறுச்சாமி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என் பெயரை எடுத்துவிடலாமாம். அவனுக்கு அபராதமோ, மிஞ்சினால் ஆறு மாதமோ. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஆறு மாசந்தானுங்களே" என்றான். "ஆனா புள்ளைங்க பள்ளிக்கூடத்துல என்ன சொல்றதுன்னுதான் தெரியல. சின்னது கேட்டுட்டே இருக்கும்."

"வீட்ட நான் பாத்துக்கறேன்டா."

"அது தெரியுமுங்கண்ணா. நீங்க பாப்பீங்க."

ஏழு மணிக்கு அக்கரையில் வாணம் விட்டார்கள். ஆற்றுத் தண்ணீரில் பச்சையும் சிவப்பும் இறங்கின. எங்கள் தெரு மாடியில் என் பையன் விடுகிறானோ என்னவோ. ஜன்னலைச் சாத்தினேன். புகை ஒத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

எலுமிச்சம்பழம் இரண்டு வாங்கினேன். வெயில் அதிகம், சர்பத்துக்கு.

நவம்பர் 2, சனி

வெயில் ஒன்றும் இல்லை. மேகமூட்டம்.

மாலைக் கையெழுத்துக்குப் போனபோது மாதையன் தாழ்வாரத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். மேலதிகாரி வருகிறாராம். "ஏம்ப்பா, சும்மாதானே நிக்கறீங்க, ரெண்டு பேரும் ஒரு கை குடுங்க. அந்த மொபெட்ட அக்கட்டால தள்ளுங்க. கேனையும் தூக்கி பீரோவுக்குப் பின்னால வெச்சிருங்க."

ஆறுச்சாமியை மொபெட் பக்கம் அனுப்பினேன். கேனிடம் நான் போனேன். ஒரு பழத்தைப் பாதியாக வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எதற்கு வெட்டினேன் என்று கேட்டால் சர்பத்துக்கு என்று இங்கே எழுதலாம். எழுதவில்லை.

பீரோ மறைவில் குனிந்து ஒரு தேய்ப்புத்தான் தேய்த்தேன். என் கண் முன்னால் சிவப்பு கலங்கி மஞ்சளாயிற்று. ஒரு விரல் அகலம். அத்தனை சுலபம். இன்னும் மூன்று தேய்ப்புத் தேய்த்தால் வியாழக்கிழமை ஆறுச்சாமி ரொப்பிய கேன் ஆகிவிடும், வெள்ளிக்கிழமையே நடக்காதது மாதிரி. கை அங்கேயே நின்றது. பயம் என்று சொல்ல முடியாது. ஸ்டேஷனில் அந்த நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"தள்ளுங்கண்ணா, கனமா இருந்தா நான் தூக்கறேன்."

பின்னால் ஆறுச்சாமி நின்றான். நான் விலகினேன். கைப்பிடியைப் பிடிக்கக் குனிந்தவன் அப்படியே ஒரு நிமிஷம் இருந்தான். காலிக் கேன், கனமே இல்லை. பிறகு தூக்கிச் சுவரோரம் வைத்தான்.

திரும்பும் வழியில் வழக்கமாக வாங்கும் டீயை வேண்டாம் என்றான்.

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் சட்டையை வாளியில் அலசிக்கொண்டே கேட்டான்.

"கேன்ல இருந்து ஊத்தறப்போ எந்தப் பக்கம் வழியும்?"

அண்ணா என்று இல்லை.

"வாய்ப் பக்கம்."

"கைப்பிடிப் பக்கம் எப்ப வழியும்?"

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததை மறுபடி விரித்து மடித்தேன்.

"ரொப்பறப்பத்தான் வழியும்" என்று அவனே சொன்னான். "நானு மஞ்சள் வெச்சது வெள்ளிக்கெழம காத்தால. வியாழக்கெழம ரொப்புன கேன்ல வெள்ளிக்கெழம வெச்ச மஞ்சள் எப்படிங்க செவந்துச்சு? நானு மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டனே."

"ஆறு..."

"அதுல ஒரு வெரல் அகலம் மட்டும் புதுசா மஞ்சள் இருக்குது. ஈரம். உங்க பையில எலுமிச்ச வாசம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. இதெல்லாம் படிக்கத் தெரியும். நீங்க சொல்லிக் குடுத்து வந்ததில்ல, இருபத்திரண்டு வருசம் கைய வெச்சு வந்தது."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். டெம்போ, ஹாரன், போன், கை. அவன் சட்டையைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டான். அக்கரை மறைந்துவிட்டது.

"கேன் மாறிப்போனதுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லலீங்க. அது யாருக்கும் மாறும். எனக்கும் ஒரு நாள் மாறியிருக்கும். நாலு ரொப்புனேன்னு சொன்னீங்க பாருங்க. என்ற கையவே என்னைய சந்தேகப்பட வெச்சீங்க. மூணு வாரமா கண்ண மூடுனா அந்த அங்கமுத்துப் பையன் மூஞ்சி. அந்தப் புள்ள முன்னால கையக் கூப்பி நின்னேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க."

சொல்ல ஒன்றும் இல்லாதபோது நான் விலை பேசுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த பேச்சு. அவன் குடியிருக்கும் வீட்டை அவன் பெயருக்கே வாங்கித் தருகிறேன் என்றேன். இரண்டு பெண்களின் படிப்பும் கல்யாணமும் என் பொறுப்பு என்றேன். செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கையெழுத்து என்றேன்.

அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

"வெல பேசறீங்களா? சரி, பேசலாம். நான் உங்ககூட மார்க்கெட் போனவந்தானே. உங்க வெல எனக்கு வேண்டாம். என்ற வெலயச் சொல்றேன், கட்டுப்படியாகுமான்னு பாருங்க."

"கட்டுப்படி ஆகலைன்னா?"

"ஆகலைன்னா நானே ஏட்டுகிட்டப் போயி கைப்பிடியத் திருப்பிக் காட்டுவேன். அதுக்கு எனக்கு மனசு வரல. அதனாலதான் வெல."

காலைக் கையெழுத்துக்கு நேரமாகிவிட்டது. போனோம். வரிசையாக இரண்டு கையெழுத்து, அவனுடையது கைநாட்டு. மாதையன், "என்னப்பா, புருஷன் பொண்டாட்டி சண்டையா? ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்க மாட்டேங்கறீங்க" என்றார். ஆறுச்சாமி, "ஒரே ரூம்புல கெடந்தா அப்படித்தானுங்க" என்றான்.

திரும்பி வந்து மத்தியானம் வரை பேசினோம். நடுவில் சாப்பிட்டோம். நான் எழுந்து கோபமாகப் பாலம் வரை போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பி வந்தேன். வேறு எங்கே போவது? ஆற்றைத் தாண்டினால் ஜாமீன் போகும். அறைக்குப் போனால் அவன். ஸ்டேஷனுக்குப் போனால் கேன். திரும்பி வந்தபோது அவன் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான்.

வக்கீலுக்குப் போன் செய்து செவ்வாய்க்கிழமை அந்தக் காகிதம் வேண்டாம் என்றேன். "உள்ள போயிருவீங்க சார், லைசென்சும் போயிரும்" என்றார். "தெரியும்" என்றேன். நாகமணிக்குச் சொன்னேன். "கை வெந்தத நானும் வந்து சொல்லோணுமா?" என்றாள்.

நவம்பர் 4, திங்கள், காலை ஒன்பதே முக்கால்

பேசி முடித்ததை எழுதி வைக்கிறேன். ஆறுச்சாமிக்குப் படித்தும் காட்டினேன். மூன்றாவது நிபந்தனையில் நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னான்.

இன்று பத்தரைக்குக் கையெழுத்துப் போடும் முன்பு, கேனை ரொப்பியது நான் என்று நானே ஏட்டிடம் சொல்ல வேண்டும். எலுமிச்சையையும் சொல்ல வேண்டும். அவன் பக்கத்தில் நிற்பான், வாய் திறக்க மாட்டான். சொன்ன பிறகு பூங்கொடிக்குப் போன் செய்து, அன்று கை கூப்பியவன் மேல் தப்பில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். இதில் அவன் ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

அங்கமுத்துவின் வைத்தியம் முழுதும் என் செலவு, எந்த ஊர், எத்தனை ஆபரேஷன் ஆனாலும். அதுபோக மாதம் பதினெட்டாயிரம், அவன் பார்வை வந்து வேலைக்குத் திரும்பும் வரை. பார்வை வராவிட்டால் அவனுக்கு அறுபது வயது ஆகும் வரை. நான் பதினைந்து என்றேன். பட்டறையில் அவன் வாங்கியதே பதினெட்டு என்றான். பதினெட்டு.

நான் உள்ளே இருக்கும் நாளில் சாவி ஆறுச்சாமியிடம். லைசென்ஸ் மிஞ்சினால் கடையை அவன் நடத்துவான், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டான். நாலில் ஒன்று என்று பேசிக் குறைத்தேன். அந்த ஒரு விஷயத்தில்தான் இறங்கி வந்தான். நான் திரும்பி வந்த பிறகும் அந்தப் பங்கு நிற்கும்.

திரும்பி வந்த பிறகு நான் கல்லாவில் உட்காரலாம். ஹோஸைத் தொடக் கூடாது, எந்தக் கேனையும் ரொப்பக் கூடாது. பூஜை நாளானாலும் சரி, டெம்போ வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி. வெள்ளைக் கயிற்றுக் கேன் தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

அச்சாரமாக, மிச்சம் இருந்த முழு எலுமிச்சம்பழத்தைக் கேட்டான். கொடுத்தேன்.